கூடாரத்துக்குள் காய்ந்த காளான்

டிசம்பர் 2, செவ்வாய்

இல்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அது எதில் செய்தது என்று மட்டும்தான் சொன்னேன். செல்வி அக்கா கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன்.

மாலை. மூடுபனி வாசல் வரை. அவள் அடுப்பில் ராகிக் களி கிண்டிக்கொண்டு, நான் பக்கத்தில் கைகளுக்குச் சூடு காட்டிக்கொண்டு. இந்த வீட்டின் ஓர் அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். சாப்பாடும் இவள் அடுப்பில்தான். காலையில் கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மதிய பஸ்ஸில் திரும்பியிருந்தாள். ரத்தத்தில் வைட்டமின் டி மிகக் குறைவு. எலும்பு மெத்தென்று ஆகிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு மாத்திரை. தேன் நிற உருண்டை, உள்ளே எண்ணெய் அசைவது தெரியும். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, இது என்னத்துல செய்யறாங்க? கண்ணாடியாட்டம் இருக்குது."

மேலே உள்ள தோல் மாட்டெலும்பைக் காய்ச்சி எடுப்பது. உள்ளே இருப்பது செம்மறி ஆட்டு ரோமத்தின் பிசுக்கிலிருந்து. வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லும் குரல் எனக்கு. நிறுத்தி நிதானமாக. கொஞ்சம் பெருமையாகக்கூட.

மாத்திரையைக் காகிதக் கவருக்குள் திரும்பப் போட்டாள்.

"அப்ப எனக்கு வேண்டாஞ் சாமி."

மறந்துவிட்டேன். மறந்தேனா? முந்தின வருடம் அவள் கணவர் வெள்ளையண்ணன் ஓட்டிய ஜீப் கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது. ஆள் பிழைத்தால் உயிருள்ளவரை கறி, மீன், முட்டை தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டாள். பிழைத்தார். ஒரு கால் மட்டும் மடங்காது.

"பால் குடிக்கறீங்களே அக்கா. அதும் மாடுதானுங்களே?"

"மாடு நின்னு குடுக்குது. எலும்ப நின்னு குடுக்குமா?"

வெளியே கட்டிலில் இருந்து வெள்ளையண்ணன்: "படிச்ச புள்ளகிட்ட கேட்டா இப்படித்தான். அடுத்து உப்பு எதுல செய்யறாங்கன்னு கேளு, அதையும் உட்டுருவே."

சிரித்தோம். மூவரும்.

டிசம்பர் 3, புதன்

காலையில் அவள் எழுவதைக் கவனித்தேன். முதலில் ஒரு முழங்கை. பிறகு சுவர். பிறகு தொடையில் கை ஊன்றி, தன்னையே தான் தூக்கி நிறுத்துவதுபோல. நடக்கும்போது இரண்டு பக்கமும் சாய்வு. வயது நாற்பதுகூட ஆகவில்லை.

மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்று மீண்டும் சொன்னேன். ரோமம் வெட்டினால் ஆடு சாகாது என்றேன். "மாத்திர மேல இருக்கற தோலு?" என்றாள். அதோடு முடிந்தது.

"எனக்கு ஒண்ணுதாங் கண்ணு வெளங்கல. வெயில் படாதவங்களுக்கு வர்ற நோவுன்னு சொன்னாங்க அந்த டாக்டரம்மா. நானென்ன ஏசி ரூமுலயா குக்கிட்டு இருக்கறேன்? பொழுதன்னைக்கும் காட்டுலதான கெடக்கறேன்?"

காட்டில்தான். ஆனால் எந்தக் காட்டில்? சில்வர் ஓக் மரங்களின் அடியில், மிளகுக் கொடிகளுக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே. கொசுவுக்கும் முள்ளுக்கும் பயந்து சேலைக்கு மேல் அண்ணனின் முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு, கழுத்து வரை. பகல் முழுதும் வெளியே, ஒரு விரற்கடைத் தோலில்கூட வெயில் இல்லை. இதை விளக்கினேன். "சட்டையக் கழட்டிட்டுப் போனா ஊரு சிரிக்கும்" என்றாள்.

மாலையில் என் அறையில், மனதுக்குள்ளேயே ஒரு பட்டியல். அவள் சாப்பிடுபவற்றில் வைட்டமின் டி:

ராகி: இல்லை.
சாமை, தினை: இல்லை.
குச்சிக்கிழங்கு: இல்லை.
கீரை எல்லாம்: இல்லை.
பால்: பெயருக்கு மட்டும்.
பலா, வாழை, அன்னாசி: இல்லை.
காளான்: இருக்கக்கூடும்.

அது செடி அல்ல. இருட்டில் வளர்கிறது. ஆனால் அறுத்த பிறகும் வெயிலில் வைத்தால் தனக்குள் இருக்கும் ஒன்றை வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். நம் தோல் செய்வதையே செய்யும். படித்தபோது பிடித்த பாடம். பறித்த பிறகும் வெயிலுக்குப் பதில் சொல்லும் ஒரு பொருள்.

நான் நடத்துவது காளான் கொட்டகை. மகளிர் குழுவுக்கு வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கக் கற்றுத்தருவதுதான் என் வேலை. வேறு எதைத் தேட?

டிசம்பர் 7, ஞாயிறு

பனி விலகப் பத்து மணி. பிறகு நல்ல வெயில்.

கொட்டகையில் பாப்பாத்தி அக்காவும் நானும் முதல் பறிப்பு. பாப்பாத்தி குழுவில் மூத்தவள், வாய் ஓயாது. வைக்கோல் பையிலிருந்து கொத்துக் கொத்தாகத் திருகி எடுத்தபடி: "காது காதா மொளச்சிருக்குது பாரு. நாம பேசறதெல்லாம் கேட்டுட்டே வளந்திருக்கும்."

செ. அக்காவின் பங்கைத் தனியே எடுத்து வைத்தேன். அவள் அதைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறையில் பரப்பினாள். இங்கே எல்லாமே பாறையில்தான் காயும். சாமை, கிழங்கு வற்றல், துணி. நான் ஓடிப்போய்த் தடுத்தேன். கோழி. மண். நாய் மிதிக்கும். குரங்கு வரும். சுத்தம் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு. கூடாரத்துக்குள் காயவைக்கலாம் என்றேன்.

"மொளகு காயவெக்கற கூடாரத்துலயா? எல்லாம் மொளகு நாத்தம் அடிக்குங் கண்ணு."

"அடிச்சா அடிக்கட்டுங்க. சுத்தமா இருக்கும்."

குழுவின் சூரிய உலர்த்தி. இரும்புச் சட்டத்தின் மேல் வளைந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட். எல்லோரும் கூடாரம் என்பார்கள். உள்ளே நின்றால் கண் கூசும். தட்டுகளில் காளானைக் கீறி, அடிப்பக்க மடிப்புகள் மேலே தெரியும்படி அடுக்கினேன். உச்சி வெயில் நேராக விழும்படி. அத்தனை கவனம். மடிப்புகளின் நிழல் தட்டில் விழுவதைக்கூடப் பார்த்து நகர்த்தினேன்.

அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் கையோடு.

டிசம்பர் 19, வெள்ளி

தினமும் சமைக்கிறாள். காய்ந்த காளானை ஊறவைத்து, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் தாராளமாக. எண்ணெய் நான் சொன்னது. கொழுப்போடு சேர்ந்தால்தான் குடல் ஏற்கும்.

"அப்புறம் எங்க போகும்?" கேட்டுக்கொண்டே இருப்பாள். இவளைப்போலக் கேட்பவர் என் வகுப்பில் இருந்ததில்லை.

குடலிலிருந்து ரத்தம். ரத்தத்திலிருந்து கல்லீரல், அங்கே ஒரு மாற்றம். அப்புறம் சிறுநீரகம், அங்கே இன்னொரு மாற்றம். இரண்டும் ஆன பிறகுதான் அது வேலைக்கு லாயக்கு. வேலை என்ன? ராகியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து உள்ளே கூட்டிவருவது. கூட்டிவர ஆள் இல்லையென்றால் ரத்தம் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

"அப்ப இத்தன வருசம் தின்ன களியெல்லாம்?"

"பெரும்பகுதி சும்மாவே வெளிய போயிருக்குங்க."

களிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். பிறகு, "ஊட்டுக்கு வந்த ஒறம்பரைய வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டனாட்டம் இருக்குது" என்றாள்.

நான் அதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அவள் வருத்தத்தை அல்ல, அந்த வாக்கியத்தை.

ஜனவரி 11, ஞாயிறு

வலி குறைந்திருக்கிறது என்கிறாள்!

உண்மைதான் போலும். சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். நானே பார்த்தேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். பாப்பாத்தி: "ஏனுங்க டாக்டரம்மா, எனக்கும் ரெண்டு தட்டு காளான் குடுங்க, நானும் கொமரியாகறேன்." டாக்டரம்மா என்றது என்னை. மறுக்கவில்லை நான்.

செ. அக்காவைக் காளான் தட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்தேன். என் பேராசிரியருக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி: மாத்திரை இல்லாமல்.

எழுதிப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஆடுமாடு சம்பந்தமில்லாத வைட்டமின் டி இருக்கிறது. பாறையிலும் மரத்திலும் படரும் ஒருவகைப் பாசியிலிருந்து எடுத்த சொட்டு மருந்து. படித்திருக்கிறேன். டாக்டரிடம் ஒரு போன் பேசியிருந்தால் முதல் வாரமே எழுதித் தந்திருப்பார். பேசவில்லை. ஏன்?

என் காளான்தான் செய்ய வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் இல்லை.

இப்போது தேறிவிட்டாளே. விடு.

ஜனவரி 17, சனி

பொங்கல் கழிந்த கறிநாள். ஊரே மணக்கிறது. செ. அக்கா எல்லோருக்கும் ஆட்டுக்கறி சமைத்தாள், ருசி பார்க்காமல். கரண்டியை நீட்டி, "உப்புப் பாருங்க." அண்ணன் சப்புக்கொட்டி, "கொஞ்சம் கம்மி." மறுபடி. "இன்னும் கொஞ்சம்." மூன்றாவது முறை அவள் கரண்டியைப் பிடுங்கினாள். "உப்புப் பாக்கச் சொன்னா சட்டியவே காலி பண்றாரு."

தனக்குக் காளான். என்னையும் அதையே சாப்பிடச் சொன்னாள். மிளகு வாசனை தூக்கலாக.

மிளகு சிவக்கத் தொடங்கிவிட்டது. பிப்ரவரி முதல் ஞாயிறு பறிப்பு ஆரம்பம். இந்த மலைச்சரிவில் ஏணி ஏறுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லையாம். ஒற்றை மூங்கில், இரு பக்கமும் கணுக்களை மட்டும் விட்டுக் கழித்தது. கட்டைவிரல் ஊன்ற மட்டுமே இடம். மரத்தில் சாய்த்துவிட்டு மேலே போய்விடுவார்கள். போன வருடம் ஏறவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து உதிர்ந்ததைப் பொறுக்கினாளாம்.

"இந்தத் தடவ ஏறிருவேன். எல்லாம் உன்னாலதாங் கண்ணு."

ஜனவரி 29, வியாழன்

எழுத வேண்டுமா? எழுதுகிறேன்.

காற்றில் கூடாரத்தின் ஒரு மூலை கிழிந்திருந்தது. சரிசெய்யக் கீழேயிருந்து ஷீட்காரர் வந்தார். நல்ல மனிதர், பேச்சு அதிகம். பழைய ஷீட்டைத் தட்டிக் காட்டினார். இத்தனை வெயிலிலும் மஞ்சள் பூக்கவில்லை பாருங்கள். புதிய துண்டும் அதே சரக்கு.

"சும்மா பிளாஸ்டிக் இல்லீங்க மேடம். வெளிச்சம் வரும், சூடு வரும், யூவி மட்டும் ஒரு பொட்டு உள்ள வராது. மொளகு நெறம் வெளுக்காது. நீங்க நாள் பூரா உள்ள நின்னாலும் கறுக்க மாட்டீங்க."

அவர் ஏணியை மடித்துக்கொண்டு தேநீர் குடித்துவிட்டுப் போகும்வரை நான் தட்டுகளுக்கு நடுவே நின்றிருந்தேன்.

யூவி. புற ஊதா. காளானை மாற்றுவது அது ஒன்றுதான். வெளிச்சம் அல்ல, சூடு அல்ல. வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்ந்தால் பயனில்லை, ஏன்? விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். கண்ணாடி என்று கேட்டதால் கண்ணாடியை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறேன். என் தலைக்கு மேலே இருந்ததை ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் கூசியது, அதனால் வெயில் என்று நம்பினேன்.

டிசம்பரிலிருந்து அவள் சாப்பிட்டது காய்ந்த காளான். அவ்வளவுதான். நல்ல உணவு. மடிப்புகள் மேலே தெரியும்படி அழகாக அடுக்கியது. டி இல்லாதது.

அப்படியானால் அவள் சுவரைப் பிடிக்காமல் எழுந்தது?

ஜனவரி 30, வெள்ளி

சொல்லவில்லை. காலையில் அண்ணன் பக்கத்தில் இருந்தார். மதியம் அவள் தூங்கினாள். மாலையில் ஏணிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், பாட்டு ஒன்றை முனகியபடி.

சொல்லாமல் விடுவதற்கான வாதங்கள், நேர்மையாக:

வலி நிஜமாகவே குறைந்திருக்கலாம். எண்ணெயாலும் இருக்கலாம், ஓய்வாலும் இருக்கலாம். நாளை முதல் காளானை வெளியே காயவைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நம்பிக்கையும் ஒரு பலம்தானே.

சொல்வதற்கான வாதம் ஒன்று. அவள் எலும்பு இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் நின்று ஏறப்போகிறாள்.

இத்தனை தெளிவாகத் தெரிந்தும் இரவுச் சாப்பாட்டில் "காரம் போதுமா?" என்றபோது "போதுங்க" என்றேன்.

ஜனவரி 31, சனி

சொன்னேன்.

மதியம், பாறைமேல், அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது. முதலில் ஷீட்டைப் பற்றி. பிறகு புற ஊதாவைப் பற்றி. சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் ஈரச்சேலையைப் பிடித்தபடி நின்றாள்.

"சித்தெ வெவரமாச் சொல்லு. காளான்ல சத்து இல்லீங்கறயா?"

"அந்தச் சத்து மட்டும் இல்லீங்க அக்கா. மத்ததெல்லாம் இருக்குது."

"நான் எந்தச் சத்துக்குத் தின்னேன்?"

"அதுக்குத்தானுங்க."

"அப்ப வலி கொறஞ்சது?"

தெரியவில்லை என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அல்லது முதலிலேயே, டிசம்பரிலேயே, அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பழகியிருக்க வேண்டும்.

சேலையை உதறினாள். பரப்பினாள். நான்கு மூலைக்கும் கல் வைத்தாள். நாலாவது கல்லுக்குக் குனிந்தவள் நிமிரும்போது கை தானாகத் தொடைக்குப் போனது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"ஏணி ஏறாதீங்க அக்கா. உங்க எலும்பு அதத் தாங்காதுங்க. என் தப்பு."

"ஆமா," என்றாள். கோபம் இல்லை குரலில். ஒரு கணக்குச் சரியாக வந்ததைப் போல, "ஆமா."

பிப்ரவரி 1, ஞாயிறு

தெளிந்த வானம். பறிப்பு நாள்.

விடியும் முன்பே விழித்துக்கொண்டேன். சுவருக்கு அப்பால் சத்தம். முதலில் முழங்கை. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுவரில் உள்ளங்கை உரசும் ஓசை, மேலே, இன்னும் மேலே.

போன வாரம் அந்த ஓசை இல்லை. சத்து எதுவும் கொடுக்காமல் அவளை எழுப்பி நடக்கவைத்திருந்தேன். நேற்று அதையும் எடுத்துக்கொண்டேன்.

ஏறவில்லை. அண்ணனின் தம்பியும் அவர் மனைவியும் வந்து ஏறினார்கள். செ. அக்கா மரத்தடியில், போன வருடம் போலவே, உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டு. மேலேயிருந்து கொழுந்தனார்: "அண்ணி, வந்து ஏறுங்க, உங்க மரம் என்னைய ஒப்புக்க மாட்டேங்குது!"

"மரத்துக்கு வெவரம் தெரியுது," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். "குடிங்க" என்றாள். கண்ணு இல்லை. சாமி இல்லை. வாடகைக்கு வந்த முதல் நாளில் பேசியதுபோல.

பிப்ரவரி 2, திங்கள்

முதல் பஸ். தனியே. அவள் வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. என்ன குடுக்கறாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டேன். ஜீப் கவிழ்ந்த வளைவு எதுவென்று எனக்குத் தெரியாது, எல்லாமே அதுவாக இருந்தது.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். முழுதும் கேட்டார். பிறகு:

"காளான் நல்லதுதாம்மா. வெளி வெயில்ல காயவெச்சுக் குடுங்க, தொடர்ந்து சாப்பிடட்டும். ஆனா இந்த அளவுக்குக் கொறஞ்சவங்களுக்கு அது மட்டும் போதாது. மருந்து வேணும். பாசியிலேருந்து எடுத்த சொட்டு மருந்து இருக்கு. கறி மீன் எதையும் தொடமாட்டேன்னு அவங்க அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேனே?"

அவள் சொல்லவில்லை, ஏனென்றால் மாத்திரை எதில் செய்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பிறகு தெரிந்தது. தெரியப்படுத்தியவள் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"மரம் ஏற விட்டுறாதீங்க. விழுந்தா இடுப்பெலும்பு."

மருந்துக் கடையில் அந்தச் சொட்டு மருந்து இல்லை. வரவழைக்க வேண்டும். கடைக்காரர் சாதாரண மருந்தை எடுத்து வைத்தார், பொடியாக, பாக்கெட்டில். "எல்லாம் ஒண்ணுதாங்க. எலும்புத் தோலும் இதுல இல்லை. பால்ல கலந்து குடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?"

உள்ளே இருப்பது ஆட்டு ரோமத்துடையதுதான். பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். இன்று இரவே கொடுத்துவிடலாம். பாசி என்று சொல்லலாம். எலும்புக்கு நல்லது. ஒரு வாரம் மிச்சம். நிறையப் பேர் இதைச் செய்வார்கள், அன்பினால்.

கல்லா மேசையில் திரும்ப வைத்தேன். நல்லவள் என்பதால் அல்ல. அவள் எதில் செய்தது என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு இன்னொரு முறை நான் தெரிந்தவள் குரலில் பதில் சொல்ல வேண்டும். முடியாது.

பேராசிரியரிடமிருந்து செய்தி: படம் அருமை, கருத்தரங்குக்குக் கட்டுரையாக எழுது. படத்தைத் திரும்பப் பெற முடியாது. நடந்ததை எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

காளான் இப்போது வெளியே காய்கிறது, உச்சிப் பொழுதில், கோழிக்குக் காவலாக நான் குச்சியோடு. பாப்பாத்தி போகிறபோக்கில்: "கூடாரத்துல என்ன வந்துச்சு? பேயா?"

விளக்கினேன். குழுவில் மற்றவர்களுக்கும் விளக்கினேன். யாரும் திட்டவில்லை. மிளகுக்கு அந்த ஷீட் நல்லதுதான் என்று ஒருத்தி என்னைத் தேற்றினாள்.

செ. அக்கா காளான் சமைக்கிறாள். தான் சாப்பிடுகிறாளா என்று பார்க்கவில்லை. பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று ஓர் எண்ணம். வெறும் கோழைத்தனமாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மருந்து வந்துவிட்டது. கீழே போய் வாங்கி மதிய பஸ்ஸில் திரும்பினேன். சின்ன பழுப்புநிறக் குப்பி. சொட்டு விடும் குழாயோடு.

செ. அக்கா சமையல்கட்டில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். குப்பியை வாங்கி, விளக்கைத் தேடாமல், வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எதுலீங்க செஞ்சது?"

"பாசியிலங்க. பிரியாணிக்குப் போடற கல்பாசி இருக்குதுல்லீங்களா, அந்த இனம். அதச் சமைச்சுத் தின்னா பத்தாது. பிரிச்சு எடுத்திருக்காங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க அக்கா. எழுதியிருக்குது. டாக்டரும் சொன்னாங்க."

"கூடாரத்துல போட்டா சத்து வரும்னு எங்க எழுதியிருந்துச்சு?"

எங்கேயும் இல்லை. நான் ஊகித்தது. அதைச் சொன்னேன்.

தலையசைத்தாள். முறத்தை மறுபடி எடுத்து, இரண்டு தடவை புடைத்து, நிறுத்தினாள்.

"எண்ணெயோடதான் குடிக்கணுமா இதும்?"

"ஆமாங்க. சாப்பாட்டோட."

"கல்லீரலுக்குப் போயி, அப்புறம் அந்த இன்னொண்ணுக்குப் போயி..."

"சிறுநீரகத்துக்குங்க."

"அது மட்டுமாச்சும் நெசந்தான?"

நிஜம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். நம்பினாளா, தெரியவில்லை. தெரியவில்லை என்பதை இப்போதெல்லாம் அப்படியே விட்டுவிட முடிகிறது.

"வெச்சுட்டுப் போங்க. ரோசன பண்றேன்."

எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை, எத்தனை சொட்டு என்று மறுபடி சொல்லவில்லை. பிறகு கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், தரையில் நின்றபடி கைக்கு எட்டிய உயரம் வரை மிளகு பறித்தேன்.